பசிபிக் தீவுகள்: முதலில் உயரத்தைக் கேளுங்கள்

நம் ஊர்ச் சுவர்களில் தொங்கும் உலகப் படத்தில் பசிபிக் பெருங்கடல் பெரும்பாலும் முழுதாக இருக்காது. நடுவில் வெட்டி, பாதியை வலது ஓரத்திலும் மீதியை இடது ஓரத்திலும் போட்டிருப்பார்கள். வெட்டு விழும் இடத்தில்தான் பிஜியும் சமோவாவும் இருக்கின்றன. படத்தில் பார்த்தால் உலகத்தின் இரு கோடிகள். உண்மையில் இடைவெளி ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். பூமிப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருக்கும் கடல் இது. எல்லாக் கண்டங்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இதன் பரப்புக்கு ஈடாகாது. இதில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் இருப்பதாகச் சொல்வார்கள். எதைத் தீவு என்று எண்ணுகிறோம், எதை வெறும் திட்டு என்று விட்டுவிடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண்ணிக்கை ஏறும், இறங்கும்.

இந்தத் தீவுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே மூன்று பெயர்கள் வந்துவிடும்: மெலனீசியா, மைக்ரோனீசியா, பாலினீசியா. மேற்கே நியூ கினியா முதல் பிஜி வரை முதலாவது. அதற்கு வடக்கே சிதறிக் கிடப்பது இரண்டாவது. ஹவாய், நியூசிலாந்து, ராப்பா நூயி (ஈஸ்டர் தீவு) என்ற மூன்று மூலைகளுக்குள் அடங்குவது மூன்றாவது. போட்டித் தேர்வுக்கு இது போதும். ஆனால் ஒரு தீவில் மனிதர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள், ஏன் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இந்தப் பெயர்கள் அவ்வளவாக உதவாது. அதற்கு வேறொரு கேள்வி கேட்க வேண்டும்: அந்தத் தீவு கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்?

கோடு போட்டவர்

மூன்று பெயர்களுக்கும் அப்படியொன்றும் பெரிய வயதில்லை. பாலினீசியா என்ற சொல் 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அதன் எல்லையைச் சுருக்கி, மற்ற இரண்டையும் சேர்த்து, வரைபடத்தில் கோடு கிழித்தவர் ஜூல் துமோன் தூர்வில் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1831 இறுதியில் பாரிஸ் புவியியல் கழகத்தில் அவர் வாசித்த உரைதான் தொடக்கம். மைக்ரோனீசியா விஷயத்தில் தீவுகளின் அளவைப் பார்த்தவர்கள், மெலனீசியா விஷயத்தில் மட்டும் மனிதர்களின் தோல் நிறத்தைப் பார்த்தார்கள். கறுப்பர்கள் வாழும் தீவுகள் என்று ஒதுக்கி, மற்றவர்களைவிடத் தாழ்ந்தவர்கள் என்றும் எழுதிவைத்தார்கள். புவியியல் என்ற பெயரில் வந்த இனக் கணக்கு அது.

கோடு சரியாகவும் விழவில்லை. மெலனீசியாவுக்குள் இருக்கும் சாலமன் தீவுகளில் ரென்னல், டிக்கோப்பியா போன்ற தீவுகளில் பேசுவது பாலினீசிய மொழிகள். மைக்ரோனீசியக் கூட்டாட்சியின் தென்கோடியில் இருக்கும் கப்பிங்கமரங்கியிலும் அதே கதை. பிஜியை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் அன்றிலிருந்து இன்றுவரை இழுபறிதான்.

ஆனால் தப்பான கோடும் இருநூறு ஆண்டுகள் நிலைத்துவிட்டால் அதன்மேல் அரசியல் முளைத்துவிடுகிறது. மெலனீசிய நாடுகள் தமக்கென ஒரு கூட்டணி வைத்திருக்கின்றன. அதன் செயலகம் வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் இருக்கிறது. பாலினீசியத் தலைவர்களுக்கு 2011இல் ஒரு குழு உருவானது. 1971இல் தொடங்கிய பசிபிக் தீவுகள் மன்றத்தின் பொதுச்செயலாளர் பதவி தங்களுக்கு வர வேண்டிய முறை என்று மைக்ரோனீசிய நாடுகள் எதிர்பார்த்தன. 2021இல் அது ஒரே ஒரு வாக்கில் குக் தீவுகளைச் சேர்ந்தவருக்குப் போனதும், ஐந்து நாடுகள் மன்றத்தைவிட்டே விலகுவதாக அறிவித்தன. சமரசத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தூர்வில் இதையெல்லாம் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பாறை சொல்லும் எல்லை

மனிதர்களின் நிறத்தைப் பார்க்காமல் காலடிப் பாறையைப் பார்த்தால் வேறொரு எல்லை தெரியும். மேற்குப் பசிபிக்கில் பசிபிக் புவித்தட்டு பக்கத்துத் தட்டுகளின் அடியில் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. அந்த விளிம்பு நெடுக ஆழ்கடல் அகழிகளும் எரிமலைகளும் வரிசை கட்டி நிற்கின்றன. அங்கே கிடைக்கும் எரிமலைப் பாறை பெரும்பாலும் ஆண்டிசைட்டு வகை. விளிம்பைத் தாண்டிக் கிழக்கே போனால் அது காணாமல் போய், கடல் தரையின் கரிய பசால்ட்டு மட்டுமே மிஞ்சும். இந்த எல்லையை ஆண்டிசைட்டுக் கோடு என்கிறார்கள். இது டோங்காவுக்கும் சமோவாவுக்கும் நடுவில் போகிறது. மொழியாலும் பண்பாட்டாலும் அவ்வளவு நெருங்கிய இரண்டு நாடுகள், நிலவியலில் இரண்டு வேறு உலகங்கள்.

டோங்கா விளிம்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் கிழக்கே 10,800 மீட்டர் ஆழமுள்ள அகழி. அகழியின் வடகோடியில் தட்டுகள் ஆண்டுக்கு 20 செ.மீ.க்கும் அதிக வேகத்தில் நெருங்குகின்றன. பூமியில் இதைவிட வேகமாக அளந்த இடம் இல்லை. 2022 ஜனவரி 15 அன்று ஹுங்கா டோங்கா–ஹுங்கா ஹாப்பாய் கடலடி எரிமலை வெடித்தபோது சாம்பல் 57 கி.மீ. உயரம்வரை போனது. நாட்டுக்கு இருந்த ஒரே சர்வதேசக் கடலடிக் கேபிளும் அறுந்து, டோங்கா வெளியுலகத் தொடர்பை இழந்தது. கேபிளைச் சரிசெய்ய ஐந்து வாரம் பிடித்தது.

சமோவாவின் கதை வேறு. ஹவாய், தாஹித்தி இரண்டும் அதே ரகம்தான். தட்டின் விளிம்பில் இல்லாமல் நடுவில், கீழிருந்து சூடு பீறிடும் ஓரிடத்தில் பிறந்த தீவுகள் இவை. சூடான புள்ளி கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்க, மேலே தட்டு நகர்ந்துகொண்டே போகும். புதிய எரிமலை பிறக்கும்போது பழையது தள்ளிப் போயிருக்கும். அதனால்தான் இத்தீவுக்கூட்டங்கள் வடமேற்கு நோக்கி வரிசையாக நீள்கின்றன, வயதும் அதே வரிசையில் ஏறுகிறது. இதை 1963இல் விளக்கியவர் கனடா நிலவியலாளர் டூசோ வில்சன். ஹவாய்ப் பெருந்தீவின் எரிமலைகள் இன்னும் குழம்பைக் கக்குகின்றன. அதற்கு வடமேற்கே கவாய் தீவுக்கு ஐம்பது லட்சம் வயது. அதே வரிசையில் இன்னும் அப்பால் மிட்வே தீவுக்கு இரண்டரைக் கோடிக்கும் மேல். பெருந்தீவுக்குத் தென்கிழக்கே கடலுக்கடியில் அடுத்த எரிமலை வளர்ந்துகொண்டிருக்கிறது. அது தலைகாட்ட இன்னும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

மலை கரைந்து வளையம் ஆவது

வரிசையில் நகர நகரத் தீவுக்கு வயதாகிறது என்றேன். வயதானால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கத் தாஹித்தி அடங்கிய சொசைட்டி தீவுகளே போதும். தாஹித்தி இளசு. அதன் ஒரோஹேனா சிகரம் 2,241 மீட்டர், கரையை ஒட்டிச் சிறிதளவு பவளப்பாறை. வடமேற்கே போரா போராவுக்கு வாருங்கள். மலை 727 மீட்டராகத் தேய்ந்திருக்கிறது. அதைச் சுற்றி அகலமான காயல், காயலுக்கு வெளியே பவள வேலி. விடுமுறை விளம்பரங்களில் வரும் நீலநிறப் படமெல்லாம் இந்தக் காயல்தான். அதற்கும் கொஞ்சம் வடக்கே தூப்பாய் (நம்மவர்கள் வேலைக்குப் போகும் துபாய் அல்ல). இங்கே மலையே கிடையாது. நடுவில் காயல், சுற்றிலும் பவள வளையம், அதன்மேல் தென்னை. அவ்வளவுதான். இப்படிப்பட்ட தீவைத்தான் அட்டோல் என்கிறார்கள்.

எரிமலை ஓய்ந்ததும் அதன் கனத்தில் கடல்தரையோடு சேர்ந்து மெல்ல அமிழும். பவளப் பூச்சிக்கு வெளிச்சம் வேண்டும். அதனால் மலை இறங்க இறங்க அது தன் கூட்டை மேலே மேலே கட்டிக்கொண்டே போகும். கடைசியில் மலை முழுகிவிடும், வளையம் நிற்கும். இதைச் சொன்னவர் சார்லஸ் டார்வின். 1835 நவம்பரில் தாஹித்தியின் மலையேறி, எதிரே மூரேயா தீவைக் காயலும் பவள வேலியும் சூழ நிற்கக் கண்டார். 1842இல் கருத்தை நூலாக வெளியிட்டார். சரி, நிரூபிப்பது எப்படி? அட்டோலில் துளை போட்டுப் பார்க்க வேண்டும். அடியில் எரிமலைப் பாறை தட்ட வேண்டும். 1896 முதல் 1898 வரை ஆங்கிலேய அறிவியல் குழுக்கள் துவாலுவின் தலைநகர் அட்டோலான புனாபுட்டியில் துளைத்தன. 340 மீட்டர் போயும் பவளச் சுண்ணாம்பைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

விடை 1952இல் மார்ஷல் தீவுகளின் எனிவெட்டாக்கில் கிடைத்தது. 1,200 மீட்டருக்கும் கீழே துளைக்கருவி பசால்ட்டைத் தொட்டது. டார்வின் சொன்னது சரி. ஆனால் அமெரிக்கர்கள் அங்கே துளை போட்டது டார்வினுக்காக அல்ல, அணுகுண்டுச் சோதனைக்கு இடம் தயார் செய்யும் வேலையின் ஒரு பகுதியாக. அதே அட்டோலில் அதே ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் ஹைட்ரஜன் குண்டுக் கருவியை வெடித்தார்கள். எலுகெலாப் என்ற குட்டித் தீவு இருந்த இடத்தில் பள்ளம்தான் மிஞ்சியது. 1946 முதல் 1958 வரை பிகினியிலும் எனிவெட்டாக்கிலுமாக 67 சோதனைகள். அட்டோல்களைத் தேர்ந்தெடுத்ததற்கு ஆட்கள் குறைவு, தொலைவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அங்கே இருந்தவர்களுக்கு அது தொலைவான இடமல்ல, சொந்த ஊர்.

பாஸ்பேட் தீவுகள்

உயர்ந்த எரிமலைத் தீவு, தாழ்ந்த அட்டோல் என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு. பழைய பவளப்பாறையைப் புவி அசைவு மேலே தூக்கிவிட்டால், செங்குத்தான சுண்ணாம்புக் கரைகளோடு மேசைபோல் ஒரு தீவு நிற்கும். நியூவே அப்படி. 21 ச.கி.மீ. பரப்புள்ள நவுருவும் கிரிபட்டியைச் சேர்ந்த பனாபாவும் அப்படியே. இந்த இரண்டு தீவுகளுக்கும் நேர்ந்த கதி அந்த உயரத்தால் வந்தது. மேட்டுச் சுண்ணாம்பின் இடுக்குகளில் தரமான பாஸ்பேட் திரண்டிருந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகளுக்கு உரம் தேவைப்பட்டது. பனாபாவில் 1900 முதல் 1979 வரை தோண்டினார்கள். ஊர்க்காரர்களை 1945 டிசம்பரில் இரண்டாயிரம் கி.மீ. தள்ளி பிஜியின் ராம்பி தீவுக்குக் கப்பலேற்றினார்கள். வறண்ட நடுக்கோட்டுத் தீவில் வளர்ந்தவர்கள், மழை கொட்டும் மலைத்தீவில், புயல் பருவத்தில் கூடாரத்தில் இறங்கினார்கள். நவுருவின் நடு மேட்டில் இன்று மிஞ்சியிருப்பது கூர்கூரான சுண்ணாம்புத் தூண்கள். அதில் நடக்கக்கூட முடியாது. மக்கள் கடலோர வளையத்தில் நெருக்கியடித்து இருக்கிறார்கள். உயரமான இடம் இருந்தும் இல்லாத தீவாக அதை ஆக்கிவிட்டார்கள்.

மணலுக்கடியில் குடிதண்ணீர்

அட்டோலில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும். நன்னீர் எடை குறைவு என்பதால் கலந்துவிடாமல், நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு வில்லைபோல் தங்குகிறது. கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் இருக்கும். அட்டோலில் மேலே நிற்பது சில சாண்தான் என்பதால் கீழேயும் சில மீட்டர்தான். தீவு ஒடுக்கமானால் வில்லையே உருவாகாது. எனவே அட்டோலில் ஊர் எங்கே அமையும் என்பதைக் கரையின் அழகு தீர்மானிப்பதில்லை. எந்த இடத்தில் தரை அகலமாக இருக்கிறதோ அங்கேதான் ஊர்.

சாப்பாடும் இந்த வில்லையை நம்பித்தான். கிரிபட்டியில் பாபாய் என்றொரு கிழங்கு உண்டு, நம் சேம்புக்கு உறவு, ஆனால் இலை ஆளுயரத்தைத் தாண்டும். அதை நடக் குழி தோண்டுவார்கள். பவளச் சரளையையும் மணலையும் ஆளளவு ஆழத்துக்கு வாரி வெளியே கொட்டி, நன்னீர் ஊறும் மட்டம் வந்ததும் நிறுத்துவார்கள். செடியைச் சுற்றித் தாழை ஓலையில் அடிப்பாகம் இல்லாத கூடை முடைந்து வைத்து, அதற்குள் உதிர்ந்த இலைகளையும் கிடைக்கிற கறுப்பு மண்ணையும் போட்டுக்கொண்டே வருவார்கள். மண்ணே இல்லாத ஊரில் மண்ணைக் கையால் தயாரிக்கிற வேலை இது. ஒரு கிழங்கு விருந்துக்கு ஏற்ற அளவு பருக்கப் பல ஆண்டுகள் ஆகும். குழிகள் குடும்பச் சொத்து, தலைமுறையாகக் கைமாறுபவை. துவாலுவில் இதே பயிருக்குப் புலாக்கா என்று பெயர். பெரிய அலை ஒன்று தரைமேல் ஏறி வந்து குழியை நிரப்பினால், தீவு முழுகாவிட்டாலும் பயிர் போய்விடும். வில்லை மறுபடி இனிக்க மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

'தீவுகள் முழுகுகின்றன' என்ற பேச்சில் விட்டுப்போவது இதுதான். துவாலுவின் 101 தீவுத்திட்டுகளின் பழைய வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2018இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். 1971க்கும் 2014க்கும் இடையே கடல் மட்டம் ஏறியிருந்தும் நாட்டின் நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. பலருக்கு இது ஆச்சரியம். சிலருக்குப் பருவநிலை மாற்றமே பொய் என்று சொல்ல ஒரு சாக்கு. உண்மையில் அட்டோல் என்பது அலை குவித்துவைத்த பவளத் துண்டுகள். அலைதான் அதை அரிக்கிறது, அதேதான் வளர்க்கவும் செய்கிறது. 1972 அக்டோபரில் பெபே புயல் புனாபுட்டியின் பவளத்திட்டு மேல் ஒரே இரவில் கிட்டத்தட்ட 19 கி.மீ. நீளத்துக்குக் கற்குவியல் அணை ஒன்றை எழுப்பிவிட்டுப் போனது. ஆக, நிலம் இடம் மாறும், வடிவம் மாறும், கூடவும் செய்யலாம். ஆனால் கிணறு உப்பானால் அந்த நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரச்சினை பரப்பளவில் இல்லை.

தெற்கு டராவாவைப் பாருங்கள். கிரிபட்டியின் தலைநகரான இந்த மணல்கீற்று சுமார் 16 ச.கி.மீ.; அதில் 60,000 பேருக்கும் மேல் வாழ்கிறார்கள். குழாய்த் தண்ணீரின் பெரும்பகுதி கிழக்கு ஓரத்து பொன்ரிக்கி, புவோட்டா பகுதிகளின் அடியில் இருக்கும் வில்லையிலிருந்து வருகிறது. அதன்மேல் வீடு கட்டக் கூடாது என்று அரசு ஒதுக்கிவைத்த நிலத்திலும் குடிசைகள் நெருங்கிக்கொண்டே வருகின்றன. வெளித்தீவுகளிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு இடம் ஏது?

மழை விழும் பக்கம், மறைவுப் பக்கம்

மலைத்தீவின் பிரச்சினை வேறு. அங்கே தண்ணீர் இருக்கிறது, எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. பிஜியின் பெரிய தீவான விட்டி லெவுவின் நடுவே 1,300 மீட்டர் வரை மலைகள். தென்கிழக்கிலிருந்து ஆண்டு முழுதும் வீசும் வியாபாரக் காற்று அதில் முட்டி, ஏறி, மழையைக் கிழக்கிலேயே கொட்டிவிடுகிறது. கிழக்கே தலைநகர் சுவாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மலைக்கு அந்தப்புறம் நாடி நகரில் 2,000 மி.மீ.க்கும் குறைவு, அதுவும் பெரும்பாலும் கோடை மாதங்களில். கரும்பு வளர ஈரமும் வேண்டும், முற்றி இனிப்பேற ஒரு வறண்ட பருவமும் வேண்டும். அதனால் கரும்பு மேற்கே லவுட்டோக்கா, நாடி, பா பக்கமும் இரண்டாவது பெரிய தீவான வனுவா லெவுவில் லம்பாசாவிலும் நிலைத்தது. ஈரப்பக்கத்தில் இருந்த நவுசோரி ஆலை 1959இல் மூடப்பட்டது.

1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்கள் 60,000 பேருக்கும் மேல். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. மொத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தென்னிந்தியர்கள். தமிழர், தெலுங்கர், மலையாளிகள். கூலிக்காலம் முடிந்ததும் அவர்கள் கரும்பு இருந்த பக்கத்திலேயே குத்தகை நிலம் பிடித்துத் தங்கினார்கள். சாது குப்புசாமி 1926இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கியதும், இன்று கோபுரத்தோடு நிற்கும் சிவசுப்பிரமணியர் கோயில் இருப்பதும் நாடியில்தான். பிஜித் தமிழர்களின் குடியிருப்பு வரைபடத்தையும் மழை வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் காரணம் தானாகத் தெரியும். மலையின் மறைவுப் பக்கத்தில் கரும்பு, கரும்பு இருந்த இடத்தில் நம்மவர்கள்.

பாப்புவா நியூ கினியாவை இந்தத் தீவுகளோடு சேர்த்துப் பேசுவதே கொஞ்சம் அநியாயம். நியூசிலாந்தையும் ஹவாயையும் ஒதுக்கினால், பசிபிக் தீவுகளின் மொத்த நிலத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அந்த ஒரே நாட்டிடம் இருக்கிறது. 4,509 மீட்டர் சிகரம், 800க்கும் மேற்பட்ட மொழிகள். இங்கேயும் உயரம்தான் பேசுகிறது. கடலோரச் சதுப்பில் மலேரியா. 1,500 மீட்டருக்கு மேலே குளிர்ந்த பள்ளத்தாக்குகளில் கொசு குறைவு, மண் வளம் அதிகம். அங்கேயுள்ள குக் என்ற சதுப்பு நிலத்தில் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மேடு கட்டிப் பயிர் வைத்திருக்கிறார்கள்; வாய்க்கால் வெட்டியது பிறகு. வெளியுலகம் இந்த மேட்டுநிலத்தில் யாருமே இல்லை என்று 1930கள்வரை நம்பிக்கொண்டிருந்தது. தங்கம் தேடி ஏறிப்போன ஆஸ்திரேலியர்கள் கண்டது லட்சக்கணக்கான மக்களையும் வரிசை வரிசையான கிழங்குத் தோட்டங்களையும். இன்றும் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மேட்டுநிலத்துக்குச் சாலை கிடையாது, விமானம்தான்.

மனிதர்கள் நின்ற இடம்

தூர்விலின் கோடுகளைவிட உருப்படியான ஒரு பிரிவினையைத் தொல்லியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். ரோஜர் கிரீன் வைத்த பெயர்கள் அண்மை ஓசியானியா, தொலை ஓசியானியா. நியூ கினியாவிலிருந்து சாலமன் தீவுகளின் கிழக்குக் கோடிவரை ஒரு தீவிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியும், அல்லது கிளம்பிய கரை மறைவதற்குள் அடுத்த கரை தெரிந்துவிடும். அதுவரை மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டார்கள். அதற்குமேல் 350 கி.மீ. வெறும் கடல். அங்கே மனித குலம் 25,000 ஆண்டுகளுக்கும் மேல் நின்றுபோனது. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பு, லப்பீட்டா எனப்படும் புள்ளிக்கோலப் பானைகளைச் செய்தவர்கள் பாய்மரப் படகில் பன்றி, கோழி, சேம்பு, ஈரப்பலாக் கன்றுகளோடு அந்த இடைவெளியைத் தாண்டினார்கள். தாண்டியபின் சில தலைமுறைகளிலேயே வனுவாட்டு, பிஜி, டோங்கா, சமோவா எல்லாம் எட்டிவிட்டன. அங்கே மறுபடி நீண்ட ஓய்வு. கிழக்குப் பாலினீசியாவில் குடியேற்றம் கி.பி. 1000ஐ ஒட்டித்தான், நியூசிலாந்து 13ஆம் நூற்றாண்டில்.

செடி, கொடி, பறவை, பூச்சிக்கும் இதே தடைதான். கிழக்கே போகப் போக வகைகள் குறைந்துகொண்டே வரும். இதில் மனிதர்களுக்குக் கிடைத்த லாபம் ஒன்று உண்டு: மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசு வனுவாட்டுவோடு நின்றுவிட்டது. பிஜியிலும் அதற்குக் கிழக்கேயும் மலேரியா இல்லை.

தரை கொஞ்சம், கடல் நிறைய

1982இன் கடல் சட்ட உடன்படிக்கை கரையிலிருந்து 200 கடல்மைல் வரை பொருளாதார உரிமை கொடுத்தது. கிரிபட்டிக்கு நிலம் 811 ச.கி.மீ.; கடல் சுமார் 35 லட்சம் ச.கி.மீ. இந்தியாவின் கடல் மண்டலத்தைவிடப் பெரிது. மூன்று தீவுக்கூட்டங்கள் தேதிக்கோட்டின் இருபுறமும் கிடந்ததால், வாரத்தில் நான்கு நாள்தான் நாடு முழுவதற்கும் பொதுவான வேலைநாள் என்ற நிலை இருந்தது. 1995 தொடக்கத்தில் தேதிக்கோட்டையே கிழக்கே தள்ளி அந்தத் தொல்லையை முடித்தார்கள்.

இந்தக் கடலில் ஓடுவது சூரை மீன். கிரிபட்டி, துவாலு, நவுரு உள்ளிட்ட எட்டு நாடுகள் நவுரு ஒப்பந்தத்தின்கீழ் ஒன்றுசேர்ந்து, அந்நியக் கப்பல்களுக்கு மீன்பிடி நாட்களை விற்கின்றன. ஒரு கப்பலுக்கு ஒரு நாளுக்குக் குறைந்தது 8,000 அமெரிக்க டாலர். கிரிபட்டி அரசின் வருவாயில் பெரும்பகுதி இதுதான். மீன் வெதுவெதுப்பான நீரைத் தேடிப் போகும். எல் நினோ ஆண்டுகளில் வியாபாரக் காற்று தளர, வெதுநீர் கிழக்கே நகர, மீனும் கூடவே நகர்ந்து கிரிபட்டியின் கல்லாவை நிரப்பும். அதே ஆண்டுகளில் பாப்புவா நியூ கினியாவிலும் பிஜியிலும் வறட்சி. அதற்கு நேர்மாறான லா நினா வந்தால் வறட்சி நடுப் பசிபிக்கின் முறை. 2011இல் துவாலுவில் குடிதண்ணீர் தீர்ந்து நெருக்கடிநிலை அறிவித்து, உப்புநீக்கும் கருவிகளை விமானத்தில் வரவழைத்தார்கள்.

கடல் உரிமை கரையிலிருந்து அளக்கப்படுவது என்றால், கரை போனால்? 2021இல் பசிபிக் தீவுகள் மன்றம், ஒருமுறை அறிவித்த கடல் எல்லை கடல் மட்டம் ஏறினாலும் மாறாது என்று கூட்டாக அறிவித்தது. வனுவாட்டு முன்னின்று கொண்டுபோன வழக்கில் 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தந்த ஆலோசனைக் கருத்தும், அப்படி எல்லையைத் திருத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொன்னது. கிரிபட்டி இன்னொரு வழியையும் பார்த்துவைத்தது. அனோட்டே டாங் அதிபராக இருந்தபோது, 2014இல், பிஜியின் வனுவா லெவுவில் சுமார் 22 ச.கி.மீ. மேட்டு நிலத்தை விலைக்கு வாங்கினார்கள்.

துவாலு 26 ச.கி.மீ., சுமார் 11,000 மக்கள், எங்குமே ஐந்து மீட்டர் உயரமில்லை. தலைநகரின் முக்கியத் திட்டு அகலமான இடத்திலேயே 400 மீட்டர் அளவுதான். அதன் நடுவில் விமான ஓடுபாதை, 1943இல் அமெரிக்கப் படை போட்டது. அதற்கு மண் எடுக்கத் தீவையே தோண்டினார்கள். அந்தப் பள்ளங்களில் உப்புநீரும் குப்பையும் தேங்க, பக்கத்திலேயே வீடுகள். 2015இல்தான் காயல் மணலால் அவற்றை மூடினார்கள். வாரத்துக்குச் சில விமானங்களே வருவதால் சாயங்காலங்களில் பாதை முழுக்கப் பந்து விளையாட்டு. விமானம் வருமுன் சங்கு ஊதும், எல்லோரும் ஓரம் போவார்கள்.

ஆஸ்திரேலியாவுடன் துவாலு செய்த பலேபிலி ஒப்பந்தம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தினரையும் சேர்த்துப் பதிந்தவர்கள் 8,000க்கும் மேல். பதிந்த எல்லோரும் கிளம்பிவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. போய்விட்டுத் திரும்பவும் ஒப்பந்தம் இடம் தருகிறது. நிலம் என்ன ஆனாலும் துவாலு ஒரு நாடாகத் தொடரும் என்று ஆஸ்திரேலியா அதில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பதிலுக்கு, வேறு எந்த நாட்டுடன் பாதுகாப்பு ஏற்பாடு செய்வதானாலும் துவாலு ஆஸ்திரேலியாவின் சம்மதத்தைப் பெற வேண்டும். இந்த விலை சரிதானா என்ற வாக்குவாதம் புனாபுட்டியில் இன்னும் ஓயவில்லை.